துருப்பிடித்த வண்டிதான் உங்களுக்கு வேண்டிய வண்டி

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். லோட்டஸ் செவன் மாதிரி இரண்டு இருக்கை வண்டி ஒன்றை, கிட் (பாகங்களாக வரும் தொகுப்பு) வாங்கி வீட்டு கராஜிலேயே கட்ட ஆசை. இதுதான் முதல் முயற்சி. பக்கத்துத் தெருக்காரர் பாதி பிரித்துப் போட்ட ஃபோர்டு சியராவை இலவசமாகத் தருகிறேன் என்கிறார், லாக்புக் (வண்டியின் பதிவு ஆவணம்) தொலைந்துவிட்டதாம். நண்பர் ஒருவர் ஆறு சிலிண்டர் பி.எம்.டபிள்யூ. இ36 வாங்கச் சொல்கிறார். எனக்கு மாஸ்டா எம்.எக்ஸ்-5 மேல் ஒரு கண். எதை டோனராக, அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கும் பழைய வண்டியாக, எடுக்கலாம்?

பதில்: எம்.எக்ஸ்-5தான். ஆனால் இன்றைக்கே போய் வாங்கிவிட வேண்டாம். எந்த நிறுவனத்தின் கிட் என்று முதலில் முடிவு செய்யுங்கள். டோனரிலிருந்து என்னென்ன பாகங்கள் வேண்டும் என்ற பட்டியலை அவர்களிடம் வாங்குங்கள். அதன் பிறகுதான் வண்டி தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் எம்.எக்ஸ்-5 என்றே பெயர் இருந்தாலும், முதல் தலைமுறைக்கும் (1989–1997) இரண்டாம் தலைமுறைக்கும் (1998–2005) இடையே பாகங்களில் வித்தியாசங்கள் உண்டு. 2005-க்குப் பின் வந்த மூன்றாம் தலைமுறை முற்றிலும் வேறு வண்டி. உங்கள் சேஸி எதை ஏற்கும் என்று தெரியாமல் வாங்கினால் பணம் வீண்.

டோனர் என்பதை உறுப்புதானம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட், ஸ்டீயரிங், பிரேக், வயரிங் எல்லாம் அதிலிருந்து வரும். பாடி இரும்புக்கடைக்குப் போகும். அதனால் பழைய கார் வாங்குகிறவர் பயப்படுவது ஒன்று, நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்று. இந்த ஊர் ஈரத்திலும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பிலும் எம்.எக்ஸ்-5-க்கு எமன் துருதான். கதவுக்குக் கீழே ஓடும் சில், பின்சக்கர வளைவு இரண்டும் அரித்துப்போய், எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையில் தோற்று, வெல்டிங் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். இன்ஜின் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த வண்டியைத்தான் நீங்கள் தேட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் முதல் தலைமுறை வண்டியைத் தயவுசெய்து அறுக்காதீர்கள். விலையும் அதிகம், அப்படிப்பட்ட வண்டிகள் மிச்சமிருப்பதும் குறைவு.

சரி, ஏன் எம்.எக்ஸ்-5? 1957-இல் வந்த செவனின் அமைப்புதான் இதற்கும்: இன்ஜின் முன்னால் நீளவாட்டில், அதன் பின்னால் கியர்பாக்ஸ், பின்சக்கரத்துக்கு இழுவை. எம்.எக்ஸ்-5-இல் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும்) சஸ்பென்ஷன். வண்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன். கட்டி முடித்த செவன் வகை வண்டி 600, 700 கிலோதான் வரும். அதனால் சுமார் 115 குதிரைத்திறன் தரும் ஆரம்பகால 1.6 லிட்டர் இன்ஜினே உங்களுக்குத் தாராளம். 1990-களின் நடுவில் இங்கே விற்ற 1.6 வண்டிகளில் அது 90-ஆகக் குறைக்கப்பட்டது. அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இ36 நல்ல கார், மறுக்கவில்லை. ஆனால் ஆறு சிலிண்டர் இன்ஜின் நீளமும் கனமும் கூடியது. ஒல்லியான செவன் சேஸியின் மூக்கில் அதைத் திணிக்கிற வேலை முதல்முறை கட்டுபவருக்கு வேண்டாம். 1990-களின் நடுவிலிருந்து வந்த வண்டிகளில் சாவி, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி), ஈ.சி.யூ. (இன்ஜினை இயக்கும் கணினி) மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் இன்ஜின் உயிர் பெறும். ஒன்று தொலைந்தாலும் தலைவலி. இரண்டாம் தலைமுறை எம்.எக்ஸ்-5-க்கும் இது பொருந்தும், எனவே எல்லாச் சாவிகளையும் கேட்டு வாங்குங்கள்.

சியரா ஒரு காலத்தில் கிட் கார்களின் காமதேனு. அதன் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), டிஃபரன்ஷியல், டைப் 9 கியர்பாக்ஸ் ஆகியவற்றை வைத்தே எத்தனையோ சேஸிகள் வடிவமைக்கப்பட்டன. ஆனால் 1993-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. உதிரிபாகம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், பாதி பிரித்த வண்டியில் எது இருக்கிறது, எது ஏற்கனவே போய்விட்டது என்பது உரிமையாளருக்கே தெரிந்திருக்காது.

நான் முதலில் கட்டியபோது இன்ஜின் ஒருவரிடம், கியர்பாக்ஸ் இன்னொருவரிடம், வயரிங் மூன்றாமவரிடம் என்று வாங்கினேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் மலிவு. கிளட்ச் தட்டின் பற்கள் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஏறவில்லை. வயரிங் பிளக் ஈ.சி.யூ.வில் உட்காரவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் அதிலேயே போயிற்று. முழு வண்டியாக, ஓடுகிற வண்டியாக வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது அதனால்தான். பிரேக்கும் அப்படித்தான். சாலையில் ஓட்டுமுன் வண்டி ஐ.வி.ஏ. என்ற தனிவண்டி ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முந்திப் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதில் முக்கியமான அம்சம். முன்பிரேக், பின்பிரேக் இரண்டும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது காகிதம். புதிய கிட் சேஸியோடு டோனரின் முக்கியப் பாகங்களில் குறைந்தது இரண்டு சேர்ந்து, டோனரின் வி5சி லாக்புக்கும் இருந்தால், டோனரின் வயதை ஒட்டிய பதிவெண்ணை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.விடம் கேட்கலாம். இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஆக்சில் ஆகியவைதான் அந்தப் பட்டியல். ஆதாரம் இல்லையென்றால் ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் எண் வரும். அதை மறைத்து ஆசைப்பட்ட எண்ணையும் போட முடியாது. புகைச் சோதனை வரம்பும் இன்ஜினின் வயதைப் பொறுத்ததே, அதற்கும் சான்று கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்ட வண்டி என்றால் பழுது பார்த்து ஓட்டத்தக்க ‘என்’, ‘எஸ்’ வகைகளைத் தைரியமாகப் பார்க்கலாம். ‘பி’ வகையில் பாகம் கழற்றலாம். அதன் லாக்புக்கை நம்பிப் பதிவெண் வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். ‘ஏ’ முழுதாக நசுக்கப்பட வேண்டியது.

வண்டி பார்க்கப் போகும்போது, இன்ஜின் சூடாகும் முன் போய்ச் சேருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி நிறுத்தியிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். ஓட்டும்போது இரண்டாம் கியர் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். 1990, 91 வாக்கிலான 1.6 என்றால் கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு) முனையில் இருக்கும் புல்லியின் நடுவில் பாருங்கள்: நான்கு துளைப்பள்ளம் இருந்தால் குட்டை மூக்கு கிராங்க், எட்டு இருந்தால் நீள மூக்கு. குட்டை மூக்கில் புல்லியைப் பிடித்துவைக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்து புல்லி ஆடும் பழைய நோய் உண்டு. இன்ஜின் ஓடும்போது புல்லி தள்ளாடினால் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம், கீழே படுத்து விஷ்போனின் அலைன்மென்ட் போல்ட்டுகளை (சக்கரக் கோணத்தைச் சரிசெய்பவை) பாருங்கள். அவை ரப்பர் புஷ்ஷோடு இறுகிப்போவது சகஜம். அறுத்து எடுக்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு, எம்.ஓ.டி. மிச்சமிருந்தால் இரண்டு வாரமாவது ஓட்டுங்கள். இப்போது தெரியும் கோளாறு எதனால் என்று கண்டுபிடிப்பது சுலபம். எல்லாவற்றையும் பிரித்துச் சேர்த்த பிறகு அதே கோளாறு பத்து இடத்தில் ஒளிந்துகொள்ளும். பிறகு சாலையிலிருந்து விலக்கியதாக டி.வி.எல்.ஏ.விடம் பதிந்துவிட்டு, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு கட்டி, படம் எடுத்துக் கழற்றுங்கள். மீதமாகும் இருக்கை, கதவு, விளக்கு எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் உண்டு. ஹார்ட்டாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) இருந்தால் அதற்குத் தனி கிராக்கி. வெறும் பாடியை எடைக்குப் போடும் முன், ‘வண்டி அழிக்கப்பட்டது’ என்ற சான்று டோனரின் பேரில் பதிவாகிவிடாதபடி டி.வி.எல்.ஏ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தெருக்காரருக்கு ஒரு சேதி சொல்லுங்கள்: சியராவில் டைப் 9 கியர்பாக்ஸ் இன்னும் இருக்கிறதென்றால் அதை இலவசமாக யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் கார் வைத்திருப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.