பேட்ச் மேல் ஆறு குறை சொல்லியிருக்கிறார்கள், நிராகரித்துவிட்டார்களா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். இறுதியாண்டு இசிஇ படிக்கிறேன். நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றைப் புராஜெக்டாகச் செய்கிறோம். லினக்ஸ் ஓடும் போர்டு, 4.3 இஞ்ச் திரை. திரையின் பேக்லைட்டை (பின்விளக்கை) ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) வழியாக இயக்கும் சிப்புக்கு, லினக்ஸின் மையமான கெர்னலில் டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் நிரல்) இல்லாததால் நானே எழுதி, கெர்னலில் சேர்க்கச் சொல்லிப் பேட்ச்சாக (மாற்றத் தொகுப்பாக) அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் இரண்டு பேர் ஆறு குறை சொல்லிப் பதில் போட்டிருக்கிறார்கள், ஒரு வணக்கம்கூட இல்லை. நிராகரித்துவிட்டார்களா சார்? தஞ்சாவூரில் ஒரு புராஜெக்ட் சென்டரில் 18,000 ரூபாய் கொடுத்தால் கெர்னலில் சேர்த்துத் தருகிறோம் என்கிறார்கள். எங்கள் துறைத்தலைவர் தன் பெயரையும் போடச் சொல்கிறார். ஏப்ரலில் வைவா.

பதில்: முதலில் அந்த 18,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள் தம்பி, அதைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

நிராகரிக்கவில்லை. உங்கள் கருவி எதற்கு என்று நினைத்துப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் காயவைத்துக் கொண்டுவா என்கிறார்கள், உன் நெல்லே வேண்டாம் என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான். உங்கள் குறியீட்டை வரிவரியாகப் படித்து ஆறு இடத்தைச் சுட்டிக்காட்ட இரண்டு பேர் நேரம் செலவழித்திருக்கிறார்கள். அவர்கள் வணக்கம் சொல்லாதது வழக்கம், கோபம் இல்லை. பதிலே வராமல் மூன்று வாரம் கிடந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

நீங்கள் இணைத்து அனுப்பிய ஆறையும் பார்த்தேன். 'ஏற்கனவே இருக்கும் பிடபிள்யூஎம் பேக்லைட் டிரைவர் போதாதா' என்ற முதல் கேள்விக்கு (பிடபிள்யூஎம் என்பது ஒரு கம்பியை வேகமாக ஏற்றி அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது: இந்தச் சிப் வெளிச்சத்தை ரிஜிஸ்டரில் (தனக்குள் எண் எழுதும் இடத்தில்) வாங்குகிறது, பிடபிள்யூஎம் கம்பியே போர்டில் இல்லை. அதை இரண்டு வரியில் எழுதி, பேட்சின் விளக்கத்திலும் சேர்த்துவிடுங்கள். (ஒரு பிடபிள்யூஎம் கம்பியும் ஏற்றி அணைக்க ஒரு எனேபிள் கம்பியும் மட்டும் இருக்கும் போர்டுக்குப் புது டிரைவரே தேவையில்லை, போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் சில வரி போதும். இது தெரியாமல் மாதக்கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு.) டிவைஸ் ட்ரீ விவரணையைத் தனிப் பேட்ச்சாக, டிரைவருக்கு முன்னால் வையுங்கள் என்பது நடைமுறை, அப்படியே செய்யுங்கள். ஐ2சி எழுதும்போது வரும் பிழை எண்ணைப் பார்க்காமல் விட்டது உங்கள் தப்பு, திருத்துங்கள். உறக்க நிலைக்கென்று நீங்கள் எழுதிய இரண்டு ஃபங்ஷன்களும் வேண்டாம், அதற்கான ஆப்ஷனைப் போட்டுவிட்டால் கெர்னலின் பொதுவான பேக்லைட் கோரே பார்த்துக்கொள்ளும்.

மீதி இரண்டுதான் சரக்கு உள்ளவை. ஒன்று, பிரைட்னஸ் எண்ணை நேரடியாக எடுக்காமல் 'பேக்லைட் கெட் பிரைட்னஸ்' என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தச் சொன்னது. ஏதோ அழகுக்குச் சொன்னதாக நீங்கள் நினைத்திருப்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அப்படியில்லை. திரை ஒளிர வேண்டுமா என்பதை முக்கியமாக மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: பயனர் வைத்த வெளிச்ச அளவு, பவர் ஆனா ஆஃபா, கருவி உறங்குகிறதா. நீங்கள் முதல் ஒன்றை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த ஃபங்ஷன் மூன்றையும் பார்த்து, அணைந்திருக்க வேண்டிய நேரத்தில் பூஜ்யம் தரும். இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா, மென்பொருள் திரையை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும், பின்னால் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். கொள்முதல் களத்தில் கரண்ட் வசதியில்லாத இடத்தில் பேட்டரியில் ஓடவேண்டிய கருவி, மத்தியானத்துக்குள் உயிரை விட்டுவிடும்.

சோதிப்பது சுலபம். பேக்லைட்டுக்கான சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அடைவில் 'பிஎல் பவர்' என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் 4 என்று எழுதுங்கள், திரை இருட்டாக வேண்டும். இருட்டாக இருக்கும்போதே 'பிரைட்னஸ்' கோப்பில் வேறு எண்ணை எழுதுங்கள், அப்போதும் எரியக்கூடாது. பிறகு பிஎல் பவரில் 0 எழுதினால் புது வெளிச்சத்தோடு எரிய வேண்டும். உங்கள் இப்போதைய குறியீட்டில் முதல் படியிலேயே திரை இருட்டாகாது.

இன்னொன்று, டிரைவர் ஏறும்போதே சிப்பை ரீசெட் செய்து விளக்கை அணைக்கிறீர்கள் என்ற குறை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆனவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். கெர்னல் வருவதற்கு முன்பே, அதைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் ஓடுகிறது. சில போர்டுகளில் அதுவே திரையை ஏற்றி லோகோ காட்டிவிடும். அப்புறம் கெர்னல் வந்து, உங்கள் டிரைவர் ரீசெட் செய்தால், எரிந்த திரை ஒரு நொடி அணைந்து மறுபடி எரியும். சரி, அணைக்காமல் நேரடியாக ஏற்றிவிடலாமா என்றால் அதுவும் தப்பு. பூட்லோடர் ஏற்றாத போர்டில், படம் வருவதற்கு முன்பே விளக்கு எரிந்து, வெள்ளையாகவோ கோடு கோடாகவோ ஏதோ தெரியும். ஆகவே சிப்பைக் கேட்க வேண்டும்: நீ இப்போது எரிகிறாயா? எரிந்தால் தொடாதீர்கள். எரியவில்லை, டிவைஸ் ட்ரீயில் ஒரு பேனல் (படம் காட்டும் திரைப் பலகை) இந்த பேக்லைட்டைச் சுட்டுகிறது என்றால் அணைந்த நிலையிலேயே விடுங்கள், படம் தயாரானதும் பேனல் டிரைவர் ஏற்றும். எரியவில்லை, எந்தப் பேனலும் சுட்டவில்லை என்றால் நீங்களே ஏற்றுங்கள், வேறு ஆள் இல்லை. பிடபிள்யூஎம் பேக்லைட் டிரைவரும் இப்படித்தான் முடிவெடுக்கிறது, அந்த ஃபங்ஷனைத் திறந்து படியுங்கள். எனேபிள் கம்பியை வாங்கும்போது 'அவுட் லோ' என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையே விளக்கை அணைத்துவிடும். 'ஆஸ் இஸ்' என்று கேட்டால் இருக்கிற நிலை கலையாது.

இனி அந்தப் புராஜெக்ட் சென்டர். காசு கொடுத்துக் கெர்னலில் எதையும் சேர்க்க முடியாது. சேர்ப்பவர் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர், அவருக்கும் இந்தக் கடைக்காரருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களால் செய்ய முடிந்ததெல்லாம், உங்கள் குறியீட்டை வாங்கிப் பெயரை மாற்றி அனுப்புவது, அல்லது அடுத்த வருடம் இன்னொரு பையனுக்கு விற்பது. நான் நேர்காணல் எடுத்த ஒரு நாளில் இரண்டு வேறு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே புராஜெக்டைக் கொண்டுவந்தார்கள், கமென்டில் இருந்த எழுத்துப்பிழைகூட ஒன்றுதான். இரண்டு பேரையும் எடுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் குறுவை விற்ற காசைக் கொடுத்திருப்பார்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஈரம் என்று திருப்பிவிட்ட நெல்லைக் களத்து வாசலிலேயே அடிமாட்டு விலைக்கு வாங்க ஆள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வித்துவிடாதீர்கள், காயவையுங்கள்.

துறைத்தலைவர் விஷயம் இதைவிடச் சங்கடம், ஆனால் பதில் ஒன்றுதான். பேட்சின் கடைசியில் வரும் 'சைன்ட் ஆஃப் பை' வரி மரியாதைக்குப் போடுவது அல்ல. 2004-இல் கொண்டுவந்த விதி அது: இந்தக் குறியீடு நான் எழுதியது, அல்லது இதை இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒருவர் தன் பெயரில் கொடுக்கும் உறுதி. எழுதாதவர் எதற்கு உறுதி கொடுக்க வேண்டும்? அவர் உண்மையில் சேர்ந்து எழுதியிருந்தால் அதற்கென்று தனி வரி இருக்கிறது, அவரே கையெழுத்தும் தர வேண்டும். நம் கல்லூரிகளில் கட்டுரையில் பெரியவர் பெயரை முதலில் போடுவதே பழக்கமாகிவிட்டது, பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியதற்கு இன்னொருவர் பெயர். புராஜெக்ட் அறிக்கையின் நன்றியுரையில் அவருக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். பேட்சில் வேண்டாம். சிப் விற்ற ஏஜென்ட் கொடுத்த மாதிரிக் குறியீட்டிலிருந்து ஏதாவது எடுத்திருந்தால், அதன் உரிமம் என்ன என்று இப்போதே பாருங்கள்.

ஏப்ரலை நினைத்துப் பதறாதீர்கள். ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் ஒன்பது, பத்து வாரம் ஆகிறது, அதில் புதிய வேலைகளைச் சேர்க்கும் வாசல் முதல் இரண்டு வாரம்தான் திறந்திருக்கும். வைவாவுக்குள் சேர்ந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆறு குறைகளையும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எழுதிய பதிலையும், திருத்திய இரண்டாம் பதிப்பையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். சேர்ந்ததற்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்கும் தேர்வாளர் இருப்பார், அந்த முறையைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. படித்துப் பார்க்கும் தேர்வாளரும் இருப்பார்.

பதிலை அவரவர் கேள்விக்குக் கீழேயே எழுதுங்கள், மேலே மொத்தமாக வேண்டாம். கல்லூரி மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அடியில் 'இது ரகசியக் கடிதம்' என்று தானாக ஒட்டிக்கொள்ளும் வாசகத்தோடு வரும் பேட்சை யாரும் எடுக்க மாட்டார்கள். சொந்த முகவரியிலிருந்து, கிட் சென்ட் ஈமெயில் என்ற கட்டளை வழியாக, 'வி2' (இரண்டாம் பதிப்பு) என்று தலைப்பிட்டு, பேட்சில் '---' என்று வரும் மூன்று கோட்டுக்குக் கீழே என்னென்ன மாற்றினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். இன்றைக்கே வேண்டாம், பேச்சு அடங்க ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்தில் போர்டைப் பத்துப் பதினைந்து தடவை அணைத்து ஏற்றிப் பாருங்கள், ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு. வெயிலில் பார்த்தால் அந்த ஒரு நொடி இருட்டு கண்ணுக்குத் தெரியாது.