கோரியாலிஸ் மீட்டர், குழாய்க்குள் எதையும் வைக்காமல் திரவத்தின் எடையை எப்படி அளக்கிறது?

உள்ளே சக்கரமோ தடுப்புத் தகடோ இல்லாத வெறும் குழாய், ஓடும் எண்ணெயை லிட்டரில் அல்லாமல் கிலோவில் காட்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குழாயை அதிரவைத்து, அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதைக் கொண்டுதான் அளக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தோட்டத்து ரப்பர் ஹோஸை 'ப' வடிவில் தொங்கவிட்டு, இரு கால்களையும் மேலே பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நீர் ஓடாதபோது வளைவு நேராகப் போய்வரும். வேகமாக ஓடும்போது ஒரு கால் முந்தும், மற்றது பிந்தும். கைக்கு அருகில் ஹோஸ் அதிகம் அசைவதில்லை, வளைவில்தான் வேகமாக அசைகிறது. ஆகவே, கையிலிருந்து வளைவுக்கு இறங்கும் நீர், போகப்போகப் பக்கவாட்டு வேகத்தைப் பெற்றாக வேண்டும். அதற்கு அது முரண்டு பிடிப்பதால் அந்தக் கால் பிந்துகிறது. திரும்பி ஏறும் நீர் அந்த வேகத்தை இழக்கும்போது தன் காலை முன்னே தள்ளுகிறது. சுழலும் அமைப்புகளில் தோன்றும் இந்த விசையைப் பிரெஞ்சு அறிஞர் கோரியாலிஸ் 1835-இல் விளக்கினார். 1977-இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய மைக்ரோ மோஷன் நிறுவனம் அதை ஆலைகளுக்கேற்ற மீட்டராகக் கொண்டுவந்தது.

மீட்டரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள், இசைக்கவையின் இரு கிளைகளைப் போல எதிரெதிராக அதிர்கின்றன. நடுவில் உள்ள காயில் (மின்கம்பிச் சுருள்) அவற்றை அதிரவைக்கிறது. நுழைவுப் பக்கமும் வெளியேறும் பக்கமும் உள்ள இரு காயில்கள் அசைவைக் கவனிக்கின்றன. ஓட்டம் இல்லையெனில் இரண்டும் ஒரே கணத்தில் ஏறி இறங்கும். ஓட்டம் இருந்தால் இடையே மைக்ரோ விநாடிக் கணக்கில் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளி, ஒரு விநாடியில் கடக்கும் நிறைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். டீசல் 10 டிகிரி சூடேறினால் அதன் கன அளவு ஏறத்தாழ 0.8 சதவீதம் பெருகும், எடை மாறாது. விலைக்கு விற்கும் இடத்தில் இந்த மீட்டரை நான் பரிந்துரைப்பது அதனால்தான். திரவம் கனமானால் குழாயின் அதிர்வெண் குறையும் என்பதால், அடர்த்தியும் இதே கருவியில் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு நுட்பமான கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் ஜீரோ செய்யும் விதம்தான், அதாவது ஓட்டம் இல்லாத நிலை இதுதான் என்று மீட்டருக்குப் பதியவைக்கும் விதம். நான் வேலை பார்த்த ஓர் எண்ணெய் ஆலையில், வால்வை மூடிய பிறகும் திரையில் மணிக்கு 30 கிலோ காட்டியது. மீட்டர் பிழை என்று எண்ணி ஜீரோ செய்துவிட்டோம். உண்மையில் வால்வு 'பாஸிங்' ஆகியிருந்தது, அதாவது மூடியும் உள்ளே கசியவிட்டுக்கொண்டிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு மணி நேரமும் 30 கிலோ கணக்கில் வராமலே வெளியேறியது. மணிக்கு 20 டன் ஏற்றும்போது அது 0.15 சதவீதம்தான், யார் கண்ணிலும் படவில்லை. மணிக்கு 600 கிலோ ஓடும் சிறிய லைனுக்கு அதே மீட்டரை மாற்றியபோது 5 சதவீதமாகி வெளிப்பட்டது.

ஆகவே, குழாய் நிறையத் திரவம் நின்று, வெப்பநிலை சீரான பிறகு, மீட்டரின் இருபுறமும் உள்ள வால்வுகளை மூடி, அவை கசியவில்லை என்று உறுதிசெய்த பின்னரே ஜீரோ செய்யுங்கள். திரவத்தில் காற்றுக் குமிழியோ, வாயுவில் திரவத் துளியோ தங்கினாலும் அளவு தடுமாறும். திரவத்துக்கு 'ப' கீழ்நோக்கித் தொங்கும்படியும், வாயுவுக்கு அதைக் கவிழ்த்தும் பொருத்துவது அதற்காகவே.