பல மரம் கண்ட தச்சன்

அன்புள்ள அண்ணா,

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வயது 31. ஒரு வருடமாக வேலை முடிந்ததும் அங்கேயே ஃபோர்மேனிடம் லேத் (இரும்பைக் கடையும் மெஷின்) ஓட்டப் பழகுகிறேன். வீட்டுக்கு வந்தால் வீடியோ எடிட்டிங் வேறு. 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று மாமா திட்டுகிறார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒன்றையே பிடித்துக்கொள்ளட்டுமா?

க., கோவை

அன்புள்ள க.,

அந்தத் தச்சன் பல மரம் பார்த்ததில் யாருக்கும் புகார் இல்லை, ஒன்றையும் வெட்டாமல் வீடு திரும்பினான் பாருங்கள், அதற்குத்தான் திட்டு. நீங்கள் ஒரு வருடமாக லேத்தில் நிற்கிறீர்கள். மாமா ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

எட்டாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் தையல் கடையில் காஜா எடுத்தவன் நான். அப்பா பேன்ட் தைத்தால் இடுப்பில் உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பார், ஆள் பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதை எழுத வந்து பல வருடம் நான் தெரிந்ததையெல்லாம் ஓரம் வரை இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கதை இறுக்கிப் பிடித்தது, ஏனென்று புரியவில்லை. ஒருநாள் என் பழைய பேன்ட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இப்போது ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை உள்ளே மடித்துவிடுகிறேன். எந்த இலக்கியக் கூட்டத்திலும் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. (காஜாவிலிருந்து கிடைத்தது கழுத்துவலி மட்டும்.)

ஆபிரகாம் பண்டிதரைத் தெரியும்தானே? 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். முதலில் பள்ளி ஆசிரியர், அப்புறம் தஞ்சாவூரில் சித்த மருத்துவர். மருந்து நன்றாக விற்றது. அந்தக் காசில் 1912 முதல் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் கூட்டினார், வித்வான்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு ஸ்தாயிக்குள் சுருதி, அதாவது நுண்ணிய ஸ்வர நிலைகள், 22ஆ 24ஆ என்று விவாதித்தார். பழந்தமிழ் இசையில் 24தான் என்பது அவர் கட்சி. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வந்தது, தலையணை மாதிரி புத்தகம், உள்ளே பக்கம் பக்கமாகக் கணக்கு. அந்த முடிவை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு, அது வேறு விஷயம். எனக்கு இதில் பிடித்தது அவர் போன வரிசை. மருத்துவம் சொந்தக் காலில் நின்ற பிறகுதான் இசைக்கு இவ்வளவு செலவழித்தார், அதனால் எந்த சமஸ்தானத்திடமும் கை நீட்டாமல் தனக்குப் பட்டதைச் சொல்ல முடிந்தது.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியில் கொட்டேஷன் யார் போடுகிறார்கள்? பத்து ஷாஃப்ட் கேட்டு ஒருவர் வருகிறார், ஐநூறு கேட்டு இன்னொருவர். முதல் பீஸை லேத்தின் சக்கில் பிடித்து, டயல் வைத்து சென்டர் பார்த்து, டூல் செட் பண்ணுகிற நேரம், அதாவது செட்டிங், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐநூறில் அது பீஸுக்குப் பீஸ் கரைந்துபோகும், பத்தில் பீஸ் விலையையே தூக்கிவிடும். லேத்தில் நிற்பவருக்கு இது கைக்குத் தெரியும், ஆனால் ரூபாயாகச் சொல்ல வராது. கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு ரூபாய் தெரியும், செட்டிங்குக்கு முக்கால் மணி நேரம் போனது தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் உங்கள் ஷெட்டில் எத்தனை பேர்? அநேகமாக நீங்கள் ஒருவர்தான்.

வீடியோ எடிட்டிங்கைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். அது கெட்டது என்றல்ல, மூன்றாவது மரத்துக்கு இப்போது உங்களிடம் சாயங்காலம் மிச்சமில்லை. அப்புறம் லேத் கற்றுத் தருகிறோம் என்கிற மூன்று மாத சான்றிதழ் கோர்ஸ்களில் மட்டும் காசைக் கொட்டாதீர்கள், ஃபோர்மேன் சும்மா சொல்லித் தருவதில் பாதிகூட அங்கே தேறாது.

போன வருடம் முடித்த சின்ன ஆர்டர் ஏதாவது ஒன்றை எடுத்து, ஃபோர்மேனை டீக்குக் கூட்டிப்போய், செட்டிங் நேரத்தைக் கேட்டு எழுதி அதன் விலையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு இடித்தது என்று எனக்கும் எழுதுங்கள்.