புது ராம் போட்டதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதா? ஃபார்மட்டுக்கு உடனே தலையாட்டாதீர்கள்

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒன்று இருந்தது. வேகம் போதவில்லை என்று இன்னொரு 8 ஜிபி வாங்கி மாட்டினேன். 16 ஜிபி என்று சரியாகவே காட்டுகிறது. ஆனால் அன்றிலிருந்து திடீர் திடீரென்று ப்ளூ ஸ்கிரீன் வருகிறது. சில நேரம் எதுவும் சொல்லாமல் தானே ரீஸ்டார்ட் ஆகிறது. புது ராமைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது. விற்றவரோ, "ராம் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸை ஃபார்மட் பண்ணணும், எஸ்எம்பிஎஸ்ஸையும் மாத்திடுங்க" என்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முக்கியமான சோதனையை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள். கழற்றினால் ஓடுகிறது, மாட்டினால் படுக்கிறது. அதே விண்டோஸ், அதே எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), அதே போர்டு. மாறியது ஒன்றே ஒன்றுதான். ஒரு ராம் ஸ்டிக் இழுக்கும் மின்சாரம் சில வாட் மட்டுமே. அதைக்கூடத் தாங்காத எஸ்எம்பிஎஸ் என்றால், ராம் வாங்குவதற்கு முன்பே கனமான வேலை எதையாவது ஓட்டும்போது கையை விரித்திருக்கும்.

ஃபார்மட் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராம்மேல் சந்தேகம் இருக்கும்போது ஃபார்மட் செய்வது வீண்வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. விண்டோஸை நிறுவும்போது ஒவ்வொரு ஃபைலும் ராம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. வழியில் ஒரு பிட் (தரவின் மிகச் சிறிய துணுக்கு, 0 அல்லது 1) புரண்டாலும் அந்த ஃபைல் கெட்டே பதிவாகும். இப்போது புது விண்டோஸே பிறக்கும்போதே கோளாறோடு பிறந்திருக்கும். பிறகு நீங்கள் அந்த ராமைக் கழற்றிப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் படுக்கும். உடனே, "பார்த்தீங்களா, ராம்ல பிரச்சினை இல்லை, போர்டு போயிடுச்சு" என்று அடுத்த பில்லை நீட்டுவார்கள். நன்றாக இருந்த மதர்போர்டை இப்படித்தான் பலர் மாற்றிவிட்டு வருகிறார்கள்.

அதே காரணத்துக்காக, புது ராம் உள்ளே இருக்கும்போது பேக்கப் எடுக்காதீர்கள், ஃபோட்டோக்களை இடம் மாற்றாதீர்கள். பாதி படம் சரியாகவும் மீதி சாம்பல் பட்டையாகவும் திறக்கும் ஃபோட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கெடுவதற்கு மோசமான ராமும் ஒரு காரணம். விஷயம் தெளியும்வரை புதியதைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய 8 ஜிபியிலேயே வேலையைப் பாருங்கள்.

சரி, 16 ஜிபி என்று காட்டுகிறதே? அது எண்ணிக்கை மட்டும்தான். ஸ்டிக்கின்மேல் ஒரு குட்டி சிப்பில் 'நான் இத்தனை ஜிபி, இன்ன வேகம்' என்று எழுதியிருக்கும். போர்டு அதைப் படித்துச் சொல்கிறது. 8 ஜிபிக்குள் 6,800 கோடிக்கும் மேல் பிட்கள் இருக்கின்றன. அதில் ஒரு மூலையில் சில பிட்கள் கெட்டிருந்தாலும் எண்ணிக்கையில் தெரியாது. அந்த இடத்தை ஏதாவது புரோகிராம் தொடும்போதுதான் தெரியும். நான்கு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு திடீரென்று விழுவது இதனால்தான்.

முதலில் மாட்டியது சரிதானா என்று பாருங்கள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ஸ்டிக்கை ஓரத்தில் பிடித்து எடுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்டிக்கின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டில் உட்கார வேண்டும். இரண்டு முனைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டக்' என்று கிளிப் தானாகவே மூடும். கிளிப்பை நீங்கள் விரலால் மூடினால் அது உட்கார்ந்ததாகக் கணக்கில்லை. சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் அசையும். மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். ஸ்டிக்கின் விளிம்பு ஸ்லாட்டோடு ஒரே நேராக ஓட வேண்டும், தங்கநிறக் கோடு ஒரு முனையில் மட்டும் எட்டிப் பார்க்கக்கூடாது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால், இரண்டு ஸ்டிக்குகள் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போக வேண்டும். உங்கள் போர்டின் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறமும் படுத்தால், ஒவ்வொன்றாகத் தனித்தனியே சோதிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்யுங்கள். பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில் போட்டு இரவு ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். காலையில் சிவப்பில் ஒரே ஒரு பிழை காட்டினாலும், ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டில் போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அங்கேயும் பிழை வந்தால் அந்த ராம் உதவாது. 'ஒன்றிரண்டு எர்ரர் சகஜம்' என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். திரையை ஃபோட்டோ எடுத்து விற்றவர் முன்னால் வையுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி சோதனை பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று அது சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள், அது மேலோட்டமானது.

இனி, பலரும் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். பழையது தனியாகத் தேறுகிறது, புதியதும் தனியாகத் தேறுகிறது, இரண்டையும் சேர்த்தால் படுக்கிறது. விற்றவர் தன் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டி, "ஓடுதே சார்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதிலும் இல்லை. ராம் தனியாக ஓடுமா என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் போர்டில், உங்கள் பழைய ராமோடு சேர்ந்து ஓடுமா என்பதுதான் கேள்வி.

இரண்டு ஸ்டிக்குகளும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வேகம்தான். வேக எண் பழையதற்கு 2666, புதியதற்கு 3200 என்றால் இரண்டும் 2666-இல் ஓட வேண்டும். போர்டு பொதுவாக இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். கோளாறு பெரும்பாலும் வருவது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் சொந்த அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற வசதி ஆன் ஆகியிருக்கும்போது. ராம் தயாரித்தவர் தன் ஸ்டிக்கைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவதற்கு எழுதி வைத்த கணக்கு அது. ஒரு ஸ்டிக்கின் கணக்கை இன்னொன்றின்மேல் திணித்தால், அது தத்தளித்துக்கொண்டே ஓடி எங்காவது விழும். ஆகவே கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பியை ஆஃப் செய்யுங்கள். சில ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி என்று பெயர் இருக்கும். ஒரே வசதிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்து, ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்து வாங்கியவர் எதற்காகத் தேடி அலைய வேண்டும் என்று இந்தத் துறையில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேறு எதையும் தொடாமல் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள்.

பலருக்கு இத்தோடு தீர்ந்துவிடும். வேகம் குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். பிரவுசர், ஆபீஸ் வேலை, படம் பார்ப்பது இவற்றில் 2666-க்கும் 3200-க்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தீராவிட்டால், வேகத்தைக் கையால் ஒரு படி குறைத்துப் பாருங்கள். அடுத்து, பயாஸ் அப்டேட். அதைக் கரன்ட் போகாத நேரமாகப் பார்த்து, போர்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும் எடுத்துச் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். எதிலும் பழுதில்லை, ஆனாலும் சேர்ந்து ஓடாது.

'அதே கம்பெனி, அதே மாடல் எண், பிறகு எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்?' என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மாடல் எண்ணை மாற்றாமலேயே உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிவிடும் தயாரிப்பாளர்கள் உண்டு. இரண்டு வருடம் முன்பு வாங்கியதும் இன்று வாங்கியதும் ஸ்டிக்கரில் ஒன்று, உள்ளே வேறு. பெட்டியில் 3600 என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். டிடிஆர்4-க்குத் தரநிலையில் வகுத்த உச்ச வேகமே 3200தான். அதற்குமேல் உள்ளது எல்லாமே, உங்கள் ப்ராசஸரும் போர்டும் ஒத்துழைத்தால் கிடைக்கும் வேகம். அதைப் பொடி எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள்.

வாங்கிய ஸ்டிக் சொன்ன ஸ்டிக்தானா என்று பார்க்க, சிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமில் எஸ்பிடி பக்கத்தைத் திறங்கள். முன்பு சொன்ன குட்டி சிப்பில் எழுதியிருப்பதைக் காட்டும் பக்கம் அது. ஸ்டிக்கரில் உள்ள பெயரும் எண்ணும் அங்கே வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வேறு பெயர் வந்தால் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிய சரக்கோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் ஒன்று: அதே புரோகிராமின் மெமரி பக்கத்தில் 3200 ராமுக்கு 1600 என்று காட்டும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் பாதி எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சேர்ந்து ஓடாத நிலை என்றால், புது ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளை வாங்குங்கள். அவை சேர்ந்து ஓடும் என்று சோதித்து ஜோடி சேர்த்தவை. பழையதை எடுத்துவிட்டு இந்த ஜோடியை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட்டையும் நிரப்ப வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டிக் கூடக்கூட, ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும், பழைய தலைவலி திரும்ப வரும்.

எல்லாம் முடிந்து மெம்டெஸ்ட்86 பிழை இல்லாமல் தேறிய பிறகு, விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒருமுறை ஓட்டுங்கள். மோசமான ராம் உள்ளே இருந்த நாட்களில் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்கள் இருந்தால் அது சரிசெய்யப் பார்க்கும். அதன் பிறகும் ப்ளூ ஸ்கிரீன் வந்தால், அப்போது ஃபார்மட்டைப் பற்றி யோசிக்கலாம்.