மாடிக்குப் போன அம்மா

கேள்வி: லாரி ஓட்டிச் சம்பாதித்து அப்பா கட்டிய வீடு எங்களுடையது. எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. அவரைப் பெற்ற பாட்டியும் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. பேங்க் லோனுக்காக, வீட்டில் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை என்னிடம் கேட்கிறார் அண்ணன். 2005க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கே கிடையாது, இது சும்மா சம்பிரதாயம் என்கிறார். எனக்குப் போட்ட 30 பவுனையும் சொல்லிக் காட்டுகிறார். 68 வயது அம்மா கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். பிள்ளைகள் படிக்க இடம் வேண்டுமென்று அம்மா இப்போது மொட்டைமாடி ஷீட் அறையில் இருக்கிறார். முட்டிவலி இருப்பதால் அதிகம் கீழே வருவதில்லை. ஆவணியில் பதிவு. நான் மறுத்தால் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் பங்கைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடுகிறேன். அதில் சிக்கல் எதுவும் இல்லை. பங்கு இல்லாதவரிடம் யாரும் விடுதலைப் பத்திரம் கேட்கமாட்டார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயிலும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு, ஆளுக்கு மூன்றில் ஒன்று. நீங்கள் எந்த வருஷம் கழுத்து நீட்டினீர்கள் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. அண்ணன் சொல்லும் 2005 திருத்தம் பூர்வீகச் சொத்து சம்பந்தப்பட்டது. அந்தத் திருத்தத்திலும் மகளுக்கு உரிமை கொடுத்தார்களே தவிர, பறிக்கவில்லை. 30 பவுன் போட்டதால் பங்கும் கழிந்துவிடாது.

இனி அந்த மொட்டைமாடிக்கு வருவோம்.

உங்கள் பங்கு, உங்கள் பயம், உங்கள் பிறந்த வீடு என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குக் கொடுத்தது மூன்று வரி. முட்டிவலிக்காரி படியேறி ஷீட் அறையில் படுத்துக்கொள்கிறாள், அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். சித்திரை வெயிலில் அந்த ஷீட்டுக்கு அடியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தீர்களா? ராத்திரி எழுந்தால் பாத்ரூம் எங்கே என்று கேட்டீர்களா? "அதிகம் கீழே வருவதில்லை" என்கிறீர்கள். வருவதில்லையா, வர முடியவில்லையா? சோற்றுத் தட்டை யார் மேலே கொண்டுபோகிறார்கள்? இந்த எட்டு மாதத்தில் நீங்கள் எத்தனை தடவை அந்தப் படி ஏறினீர்கள்?

சகோதரி, அது உங்கள் அம்மாவின் வீடு. இன்றைய தேதியில் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அவருடையது. சொந்தக்காரியாக இருக்கும்போதே மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கைரேகையும் வைத்தபின் எங்கே ஏற்றுவார்கள்?

"அம்மாவே சம்மதித்துவிட்டார்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். இந்த வாக்கியத்தைப் பல கடிதங்களில் படித்து எனக்கு அலுத்துவிட்டது. அடுத்த வேளைச் சோற்றுக்கு மகனின் முகத்தைப் பார்க்க வேண்டியவள் சம்மதிக்காமல் வேறென்ன செய்வாள்?

விடுதலைப் பத்திரம் பதிவானபின் "மனசு மாறிவிட்டது" என்று அம்மா தனியாகப் போய் அதை ரத்து செய்ய முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறதுதான். ஆனால், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால்தான் அது கைகொடுக்கும். ஒரு தாய் பெண்களுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் பற்றிய வழக்கிலேயே, அப்படியொரு நிபந்தனை இல்லையென்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 2025 ஜனவரியில் வேறொரு தாயின் வழக்கில் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொண்டு சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதிலும் பராமரிப்பைப் பற்றிய எழுத்து இருந்தது. உங்கள் அண்ணன் எழுதப்போகும் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருக்குமா?

உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க மனசு வந்தால் கொடுங்கள். அது உங்கள் பொருள், தடுக்கமாட்டேன். அம்மாவின் பங்கு அம்மா பேரிலேயே இருக்க வேண்டும். கண்ணை மூடும்வரை வைத்திருக்கட்டும், பிறகு யாருக்கு என்று உயில் எழுதட்டும். உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கொடுத்தே தீருவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால், கீழ்த்தளத்தில் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை, சாப்பாடு, மருத்துவச் செலவு, இவை தவறினால் பத்திரம் செல்லாது, எல்லாவற்றையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். வரைவை அண்ணன் கூட்டிவரும் பத்திர எழுத்தரை நம்பி விடாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 15100க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று. அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைக் காப்பாற்றும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அம்மா வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் உங்கள் பெயரும் அதில் வரலாம். வந்தால் நியாயம் என்பேன். பங்குக்கு மகள், பராமரிப்புக்கு மகன் என்று பிரித்துக்கொள்ளும் பெண்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அண்ணன்மீது தப்பு இருக்கிறது. மருமகன் வீட்டில் மாமியார் தங்கக்கூடாது என்று நினைத்து நீங்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் உங்கள்மீதும் இருக்கிறது.

உறவு அறுந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் பிறந்த வீடு என்று சொல்வது யாரை வைத்து? அந்த மனுஷி மொட்டைமாடியில் இருக்கிறார்.

ஆவணிக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். பத்திரப் பேச்சை எடுக்காதீர்கள். அண்ணனையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி அம்மாவின் கட்டிலைக் கீழே இறக்குங்கள். அன்றைக்கு அண்ணன் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு, பேனாவைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.