லோபால் என்றால் அடிமாட்டு விலையா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். பழைய காரை விற்க விளம்பரம் எழுதினேன். ‘நோ லோபாலர்ஸ்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் நண்பர். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் வர வேண்டாம் என்று அர்த்தமாம். இந்தச் சொல் எப்படி வந்தது?

பதில்: நண்பர் சொன்னது சரி. 8,000 டாலர் போட்ட காரை 3,500க்குக் கேட்டால் அது லோபால்தான். அடிமாட்டு விலை என்பதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது.

லோபால் என்ற பெயரில் ஒரு சீட்டாட்டம் உண்டு. சொல் அங்கிருந்து வந்திருக்கலாம். போக்கரில் ஒரு வகை. வழக்கமான போக்கருக்கு நேர்மாறாக, இதில் மிகச் சிறிய சீட்டுகள் வைத்திருப்பவருக்கே வெற்றி. கலிபோர்னியாவில் ஆடும் முறையில் ஏஸ், 2, 3, 4, 5 சேர்ந்தால் அதை வெல்ல முடியாது.

வியாபாரப் பேச்சில் இந்தச் சொல் 1950களில் அமெரிக்கக் கார் ஷோரூம்களில் புழங்கியது. அங்கே லோபால் போட்டவர் விற்பவர்! வேறு கடையில் விசாரிக்கக் கிளம்பும் ஆளிடம், யாரும் தர முடியாத ஒரு விலையைச் சொல்லி அனுப்புவார். நாலு கடை ஏறி இறங்கிவிட்டு அவர் இங்கேயேதான் திரும்பி வருவார். படிவமெல்லாம் நிரப்பி, மனதுக்குள் காரை ஓட்டவே ஆரம்பித்த பிறகு, “மேனேஜர் இந்த விலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று தொகையை ஏற்றுவார்கள். அவரும் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.

ஏன் கொடுக்கிறார்? உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு சோதனைக்கு வர முடியுமா என்று மாணவர்களைக் கேட்டார்கள். காலை 7 மணிக்கு என்று முதலிலேயே சொன்னபோது 31 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். சம்மதம் வாங்கியபின் நேரத்தைச் சொன்னபோது 56 சதவீதம். ஒருமுறை ‘சரி’ சொல்லிவிட்டால் பின்வாங்க மனம் வருவதில்லை.

இப்படிப்பட்ட விலை விளையாட்டுகளைக் கட்டுப்படுத்த, புதிய காரின் கண்ணாடியில் உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலையை ஒட்ட வேண்டும் என்ற சட்டம் 1958இல் வந்தது. கொண்டுவந்தவர் ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி. அந்தச் சீட்டுக்கே மன்ரோனி என்றுதான் பெயர். ஆனால் கடைசி விலை இன்றும் பேரம்தான்.

விளம்பரத்தில் அந்த வரியைவிட, விலைக்குப் பக்கத்தில் ‘ஃபர்ம்’ (பேரம் கிடையாது) என்று போடுங்கள். அப்புறம், அடுத்த கார் வாங்கும்போது வரி, பதிவு, டீலர் கட்டணம் எல்லாம் சேர்த்த ‘அவுட் தி டோர்’ விலையை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு பிறகு கிளம்புங்கள். வாய்மொழியாகச் சொன்ன விலையை நம்பி மட்டும் போகாதீர்கள்.