கேள்வி-பதில்: டப்பாவில் இருப்பதும் ஆய்வில் இருந்ததும்

கேள்வி: முழங்கால் வலிக்காக மஞ்சள் கேப்ஸ்யூல் வாங்கினேன். டப்பாவின் முகப்பில் ‘மருத்துவ ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு கேப்ஸ்யூலில் 500 மில்லிகிராம். இரண்டு மாதமாகச் சாப்பிட்டும் வித்தியாசம் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். அந்த 500 மில்லிகிராம் எதனுடைய எடை? ‘மஞ்சள் கிழங்குப் பொடி’ என்று இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. மஞ்சளில் வேலை செய்வதாகச் சொல்லப்படும் பொருளான குர்குமின் எடையில் சுமார் 3 சதவீதம்தான். உங்கள் கேப்ஸ்யூலுக்குள் இருப்பது ஏறத்தாழ 15 மில்லிகிராம் குர்குமின், மற்றதெல்லாம் மாவுச்சத்தும் நாரும். ‘95% குர்குமினாய்டு கொண்ட எக்ஸ்ட்ராக்ட்’ என்று இருந்தால் அது குர்குமின் வகைச் சேர்மங்களைப் பிரித்துச் செறிவாக்கிய வேறு சரக்கு. இரண்டு டப்பாவின் முகப்பிலும் ஒரே மஞ்சள் படம்தான் இருக்கும்.

இனி, எந்த ஆய்வு? முழங்கால் தேய்மானத்துக்கு மஞ்சளைச் சோதித்த ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது தாய்லாந்தில் நடந்து 2014இல் வெளியானது. 367 நோயாளிகள், 4 வாரம். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட், இன்னொரு பிரிவினருக்கு ஐபுபுரூஃபன் என்ற வழக்கமான வலி மாத்திரை 1200 மில்லிகிராம். இரண்டு பக்கமும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. வயிற்று உபாதை ஐபுபுரூஃபன் பக்கம் அதிகம். நல்ல சேதிதான். ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட மூன்றாவது பிரிவு அதில் கிடையாது. சும்மா இருந்தாலே 4 வாரத்தில் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. எப்படிப் பார்த்தாலும், அவர்கள் கொடுத்த அளவுக்குப் பக்கத்தில்கூட உங்கள் பொடி கேப்ஸ்யூல் போகாது. முகப்பில் இருப்பது இன்னொரு சரக்குக்குக் கிடைத்த நற்சான்று. சட்டப்படி அது ஏமாற்றா என்பது வேறு பேச்சு. நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அந்த ஆய்வில் இருந்த பொருள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

‘மிளகுச் சத்து சேர்த்தது, 20 மடங்கு உறிஞ்சப்படும்’ என்ற டப்பாவுக்கு மாறலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்தக் கணக்கு 1998இல் வந்த ஒரு ஆய்விலிருந்து வருகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படவே இல்லை, அல்லது மிகமிகக் குறைவாகத் தென்பட்டது. மிளகுச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது 2000 சதவீதம் கூடியது. கேட்க மலைப்பாக இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததன் 20 மடங்கு என்று சொல்லிப் பாருங்கள், மலைப்பு இறங்கிவிடும்.

பைப்பரின் இதைச் செய்யும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் ரசாயனங்களைக் கல்லீரலும் குடலும் உடைத்து வெளியேற்றும் வேலையை அது மந்தப்படுத்துகிறது. குர்குமினுக்கு மட்டும் என்று பார்த்து அது மந்தப்படுத்தாது; வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான புரொப்ரனலால் போன்றவற்றின் ரத்த அளவும் ஏறும். மேலும், மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பழுதான 10 பேரைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறது. அதில் ஒருவர் இறந்துபோனார். 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் இது அரிதுதான். ஆனால் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஒரு மூலிகை கேப்ஸ்யூலில் ‘10:1 எக்ஸ்ட்ராக்ட்’, இன்னொன்றில் ‘20:1’ என்று இருக்கிறது. 20:1 தானே வீரியமானது?

அப்படி இல்லை. 10:1 என்றால் 10 கிலோ மூலிகையிலிருந்து 1 கிலோ எக்ஸ்ட்ராக்ட் எடுத்தார்கள் என்று பொருள், அவ்வளவுதான். எதில் ஊறவைத்தார்கள், தண்ணீரிலா ஆல்கஹாலிலா, எவ்வளவு சூட்டில், கடைசியில் வேலை செய்யும் பொருள் எவ்வளவு மிஞ்சியது என்று எதுவும் அதில் தெரியாது.

எடுக்கும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினை விட நல்ல கதை இல்லை. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி டூ யோயோவின் குழு, சிங்ஹாவ் என்ற செடியைச் சோதித்தது. முடிவுகள் ஒருநாள் போல் ஒருநாள் இல்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன மருத்துவர் எழுதிய ஒரு மருத்துவக் குறிப்பு, அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று டூ யோயோவுக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் ஈதரை வைத்து எடுத்துப் பார்த்தார். 1971இல் வந்த அந்த எக்ஸ்ட்ராக்ட் எலிகளின் மலேரியாவை முழுதாகத் தீர்த்தது. 2015இல் நோபல் பரிசு. செடி அதேதான், எடுத்த விதம்தான் மாறியது.

அதனால் விகிதத்தை விட்டுவிட்டு, ‘இந்தச் சேர்மம் இத்தனை சதவீதம்’ என்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் எண்ணைச் சொல்லி, அந்தச் சரக்கின் ஆய்வக முடிவைக் காட்டும் பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள். அதில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் சோதனையும் இருக்க வேண்டும். அமெரிக்க மருந்துத் தர அமைப்பான யு.எஸ்.பி. போன்றவற்றின் முத்திரை இருந்தால் நல்லது. சொன்ன பொருள் சொன்ன அளவில் உள்ளே இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம். வியாதி தீரும் என்பதற்கு எந்த முத்திரையும் உத்தரவாதம் தராது.

கேள்வி: ஞாபகசக்திக்கு ஜிங்கோ என்ற மூலிகை நல்லது என்கிறார்கள். அப்பாவுக்கு 78 வயது. தரமான, அளவு சீராக்கிய பிராண்டாக வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் அப்பா வயதுக்காரர்களிடமே சோதித்துவிட்டார்கள். 75 வயதைத் தாண்டிய 3069 பேர், சீராக்கிய எக்ஸ்ட்ராக்ட் 120 மில்லிகிராம் நாளுக்கு இருவேளை, சுமார் 6 ஆண்டுகள். 2008இல் முடிவு வெளியானது. மறதி நோய் வந்தவர்கள் ஜிங்கோ பிரிவில் 277 பேர், வெற்று மாத்திரைப் பிரிவில் 246 பேர். கெடுதல் செய்தது என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. தடுக்கவில்லை என்று சொல்ல இது போதும். இங்கே லேபிள் சரி, அளவு சரி, சரக்கும் தரமானது. வேலைதான் செய்யவில்லை.

கேள்வி: மாமியாருக்கு மனச்சோர்வு. மாத்திரை என்றாலே பயப்படுகிறார். ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லை’ என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைக் கேப்ஸ்யூலைத் தோழி ஒருவர் சிபாரிசு செய்தார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இத்தனைக்கும் ஆய்வில் தேறிய மூலிகை இது. 29 சோதனைகள், 5489 நோயாளிகள் என்று தொகுத்துப் பார்த்த 2008 ஆய்வு (மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புடையது), மனச்சோர்வுக்கு இது வெற்று மாத்திரையை விட மேல், வழக்கமான மருந்துகளுக்கு ஏறக்குறைய சமம் என்று சொன்னது.

பிரச்சினையும் அங்கேதான். உடம்பில் வேலை செய்யும் பொருள் என்றால் மற்ற மருந்துகளின் வேலையிலும் தலையிடும். பைப்பரினுக்கு நேரெதிராக, இது மருந்துகளை உடைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. வார்ஃபரின் சீக்கிரம் கரைந்து வெளியேறும், ரத்தம் கட்டும் அபாயம் கூடும். கருத்தடை மாத்திரையும் இப்படித்தான் பலன் குறையும். மாற்று இதயம் பொருத்திக்கொண்ட இருவருக்கு இந்த மூலிகையால், நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் அளவு இறங்கி, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது என்று 2000இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

‘இயற்கையானது’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகக் கொடுத்த கலவையில் ஸ்டெஃபானியா என்ற மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா கலந்துவிட்டது. இரண்டுக்கும் சீனப் பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. அதுவும் செடிதான்.

மாமியாரின் பயத்தை வார்ஃபரின் எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடமே சொல்லுங்கள். மாத்திரை இல்லாத சிகிச்சைகளும் மனச்சோர்வுக்கு உண்டு.

கேள்வி: நாள்பட்ட இடுப்பு வலி. ஒரு அக்குபங்சர் மையத்தில் 20 சிட்டிங்குக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். ‘விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டது’ என்றும் சொல்கிறார்கள். நம்பிக் கட்டலாமா?

முதலில் விஞ்ஞானம். ஜெர்மனியில் 1162 இடுப்பு வலிக்காரர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முறையான அக்குபங்சர்; அக்குபங்சர் புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தும் போலி அக்குபங்சர்; மருந்தும் உடற்பயிற்சியும் கொண்ட வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். 2007இல் வெளியான இந்த மூன்று எண்களில் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் மையத்தின் நோட்டீஸில் போடுவார்கள். முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ‘எல்லாம் பிரமை’ என்று இன்னொரு கூட்டம் எழுதும். வலியோடு இருப்பவருக்கு மூன்றும் வேண்டும்.

போலி ஊசியிலேயே ஒரு வகை, நாடகக் கத்தி போல அழுத்தினால் கைப்பிடிக்குள் நழுவிவிடும். தோலைத் துளைக்காது, குத்துவாங்கியவருக்குக் குத்தியது போலவே இருக்கும். போலி ஊசியை வைத்து 262 குடல் எரிச்சல் நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது, 2008இல் வெளிவந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தேவலை. சுருக்கமாகப் பேசிவிட்டுப் போலி ஊசி போட்டவர்களில் 44. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டுவிட்டு அதே போலி ஊசியைப் போட்டவர்களில் 62. பொறுமையாகக் கேட்கும் ஒருவர் கிடைப்பதே பாதி சிகிச்சை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக ஊசி முழுக்க வெறும் பாவனை என்றும் சொல்லிவிட முடியாது. 39 சோதனைகளின் 20,827 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2018 ஆய்வில், நாள்பட்ட வலிக்கு உண்மை ஊசி போலியை விடச் சற்றே மேல் என்று வந்தது; சிகிச்சையே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரிது. பலனும் ஓராண்டு வரை பெரும்பாலும் நின்றது.

ஆக, முயன்று பார்க்கலாம். 20க்கு முன்பணம் வேண்டாம். அந்த ஜெர்மன் ஆய்வில் வாரம் இரண்டாக 10 சிட்டிங்தான். ஓரளவு பலன் தெரிந்தவர்களுக்கு மட்டும் இன்னும் 5. நீங்களும் ஐந்தாறுக்குக் கட்டுங்கள், வலியைப் பத்துக்கு எத்தனை என்று தினமும் குறித்து வையுங்கள், அப்புறம் தொடர்வதா என்று முடிவு செய்யுங்கள். இதற்குச் சம்மதிக்காத மையத்தை விட்டுவிடுங்கள்.

ஊசி ஒருமுறை மட்டுமே பயன்படுவதாக இருக்க வேண்டும், உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். தோள், நெஞ்சு, மேல் முதுகில் குத்துபவருக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். ஆழம் தவறினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும். இது அபூர்வம்: ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்ததில் இருவருக்கு நடந்தது. ரத்தக்கசிவு, குத்திய இடத்தில் வலி போன்ற சில்லறைத் தொல்லைகளைச் சேர்த்தால் 8.6 சதவீதம். கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு போதல், காய்ச்சல் இவை இடுப்பு வலியோடு வந்தால் ஊசியை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் குழந்தை) சிகிச்சையோடு அக்குபங்சரும் எடுத்தால் குழந்தை நிற்கும் வாய்ப்பு கூடுமா? தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 848 பெண்களிடம் பார்த்தார்கள். உண்மை அக்குபங்சர் எடுத்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, போலி எடுத்தவர்களில் 17.8. வித்தியாசம் இல்லை என்றுதான் 2018இல் அறிவித்தார்கள். மனதுக்கு இதமாக இருக்கிறது என்று எடுத்தால் தவறில்லை. வாய்ப்பைக் கூட்டும் என்று சொல்லிப் பணம் கேட்டால், கட்ட வேண்டாம்.